பிஜ்னோரின் இரண்டாவது தீர்ப்பு: ஹாபிழ் முஹம்மது இப்ராஹீமின் அரசியல் வாழ்க்கை

'கட்சித் தாவல்' எனும் தொடர் தமிழில் வசையாகவே வழங்கி வருகிறது. தாவுதல் குரங்கின் தொழில் என்பதால் குற்றச்சாட்டும் தீர்ப்பும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஆனால் ஒரு மக்கள் பிரதிநிதியின் கையிலுள்ள பதவி யாருடைய அமானிதம் என்ற கேள்விக்கு அந்தச் சொல்லில் விடை இல்லை. வேட்பாளராக நிறுத்திய கட்சியின் அமானிதமா? வாக்களித்த மக்களுடையதா? இந்திய முஸ்லிம்களின் வரலாற்றில் இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த ஆண்டு 1937. அதற்கு நடைமுறையில் விடை தேட முற்பட்டவர் ஹாபிழ் முஹம்மது இப்ராஹீம். பிற்காலத்தில் மத்திய அமைச்சராகவும் மாநிலங்களவையின் அவை முன்னவராகவும் விளங்கிய அவரை இன்று அறிந்தோர் சிலரே. பிரிவினை பற்றிய நூல்களில் அவர் பெயர் பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடும்: லீக் சார்பில் வென்றார், காங்கிரஸில் சேர்ந்தார், அமைச்சரானார். அவ்வரிக்குப் பிறகு அவர் செய்ததே இக்கட்டுரையின் பொருள்.

அவருடைய ஊர் ஐக்கிய மாகாணத்தின் பிஜ்னோர் மாவட்டத்திலுள்ள நகீனா. கருங்காலி மரத்தில் நுண்ணிய செதுக்கு வேலை செய்யும் கைவினைஞர்களால் பெயர் பெற்ற சிறுநகரம் அது. கங்கைக்கு மறுகரையில் உள்ள சஹாரன்பூர் மாவட்டத்தில் தேவ்பந்த் அமைந்திருக்கிறது. பிஜ்னோர் நகரிலிருந்து 1912 முதல் வெளிவந்த 'மதீனா' எனும் உருது இதழ், சுதேசிய உணர்வுள்ள முஸ்லிம்களிடையே மாகாண எல்லையைத் தாண்டியும் படிக்கப்பட்டது. உலமாக்களின் செல்வாக்கும் காலனிய எதிர்ப்பும் ஒருங்கே வேரூன்றிய மண் அது என்பதை நினைவிற்கொள்ளாமல் அங்கு நடந்த தேர்தலைப் புரிந்துகொள்ள இயலாது.

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின்படி 1937 தொடக்கத்தில் மாகாணத் தேர்தல்கள் நடைபெற்றன. சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதிகளால் வடிகட்டப்பட்ட வாக்காளர்கள் இந்தியா முழுமைக்கும் ஏறத்தாழ மூன்று கோடிப் பேர். முஸ்லிம்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில் வாக்களித்தவர்கள் முஸ்லிம்கள் மட்டுமே. 1909ஆம் ஆண்டின் சீர்திருத்தங்களோடு வந்த இத்தனித்தொகுதி முறை, வென்றவரை இருமடங்கு பிரதிநிதி ஆக்கியது. அவர் ஒரு வட்டாரத்தின் பிரதிநிதி. கூடவே ஒரு சமுதாயத்தின் பிரதிநிதியும் ஆவார். அவர் கட்சி மாறினால் எழும் மனக்கசப்பும் இருமடங்காகவே இருந்தது.

ஜின்னா 1936இல் லீகைப் புதுப்பித்தபோது அமைத்த ஆட்சிமன்றக் குழுவுக்கு ஜம்இய்யத்துல் உலமாவின் தலைவர்கள் துணை நின்றார்கள் என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும். மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனி அத்தேர்தலில் லீக் வேட்பாளர்களுக்காகப் பிரசாரம் செய்தவர். ஆங்கிலேய ஆட்சிக்கு இணக்கமான நிலப்பிரபுக்களை எதிர்த்து, காங்கிரஸோடு ஏறக்குறைய ஒத்த திட்டத்தை முன்வைக்கும் முஸ்லிம் கட்சியாகவே அன்று ஐக்கிய மாகாணத்தில் பலரும் லீகைக் கண்டனர். இப்ராஹீம் லீகின் சார்பில் வென்று சட்டமன்றம் புகுந்தது இந்தச் சூழலில்தான்.

ஐக்கிய மாகாணத்தில் காங்கிரஸ் தனிப்பெரும்பான்மை பெற்றது. ஆனால் ஒன்பது முஸ்லிம் இடங்களில் போட்டியிட்டு ஒன்றிலும் வெல்லவில்லை. லீகும் முஸ்லிம் இடங்கள் 66இல் முப்பதைக்கூட எட்டவில்லை. மீதியுள்ளவற்றில் பெரும்பகுதி சுயேச்சைகளுக்கும் நிலப்பிரபுக்களின் கட்சிக்கும் போயிற்று. அன்றைய முடிவுகளை நேர்மையாகப் படித்தால் முஸ்லிம்களின் ஏகபோகப் பிரதிநிதித்துவம் எந்தக் கட்சிக்கும் கிட்டவில்லை என்பது தெளிவாகும். பின்னாளில் இரு தரப்பினரும் எழுதிய வரலாறுகள் இந்த எளிய உண்மையை வசதியாக மறந்துவிட்டன.

காங்கிரஸ் பதவியேற்கத் தயங்கிய ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான மாதங்களில் சத்தாரி நவாபின் இடைக்கால அமைச்சரவை நடந்தது. லீகின் முக்கியப் பிரமுகராக இருந்த சலேம்பூர் ராஜா அதில் போய் அமர்ந்தார். ஆக, லீகிலிருந்து முதலில் அமைச்சர் நாற்காலிக்குச் சென்றவர் இப்ராஹீம் அல்லர்.

ஜூலையில் காங்கிரஸ் ஆட்சியமைக்க முடிவு செய்தபோது சௌத்ரி கலீக்குஸ்ஸமானும் நவாப் இஸ்மாயீல் கானும் மௌலானா அபுல் கலாம் ஆஸாதுடன் பேச்சு நடத்தினர். காங்கிரஸ் முன்வைத்த நிபந்தனைகள் கடுமையானவை. சட்டமன்றத்தில் லீக் தனிக்குழுவாக இயங்குவதை நிறுத்த வேண்டும். அதன் உறுப்பினர்கள் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியில் கரைந்து அதன் கட்டுப்பாட்டை ஏற்க வேண்டும். மாகாண ஆட்சிமன்றக் குழுவும் கலைக்கப்பட வேண்டும். பேச்சு முறிந்தது. ஆஸாத் தம் இறுதி நூலில் இம்முறிவுக்கு நேருவையே பொறுப்பாக்கினார். இரண்டு இடங்கள் கேட்டவர்களுக்கு ஒன்றே தரப்படும் என்றதே வினையாயிற்று என்பது அவர் கருத்து. பல வரலாற்றாசிரியர்கள் இக்கணக்கை ஏற்பதில்லை. இரண்டு கட்சிகளும் ஒரே மக்களின் மீது உரிமை கோரிய நிலையில் நாற்காலிகளின் எண்ணிக்கை மட்டுமே தடையாக இருந்திருக்க முடியாது என்றே எனக்கும் தோன்றுகிறது.

கோவிந்த வல்லப பந்தின் அமைச்சரவையில் இரு முஸ்லிம்கள் இடம்பெற்றனர். ஒருவர் ரஃபி அஹ்மத் கித்வாய். பொதுத் தேர்தலில் தோற்று, பின்னர் பஹ்ரைச் இடைத்தேர்தல் வழியாகச் சட்டமன்றம் வந்தவர் அவர். மற்றவர் லீகைவிட்டுக் காங்கிரஸில் சேர்ந்த ஹாபிழ் முஹம்மது இப்ராஹீம். போக்குவரத்து, பொதுப்பணித் துறைகள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. (அதே ஜூலையில் சென்னையில் அமைந்த ராஜாஜி அமைச்சரவையிலும் பொதுப்பணித் துறை ஒரு முஸ்லிமிடமே தரப்பட்டது. ஒரு காலத்தில் முஸ்லிம் லீகிலும் பின்னர் கிலாபத் இயக்கத்திலும் முன்னின்ற யாகூப் ஹஸன் சேட் அவர்.) கூட்டணி மறுக்கப்பட்ட கட்சியிலிருந்து தனியொருவரைப் பிரித்தெடுத்து அமைச்சராக்கியது லீகினரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. முஸ்லிம் உறுப்பினர்களின் நம்பிக்கையைப் பெறாத முஸ்லிம் அமைச்சர் வெறும் அலங்காரமே என்ற வாதம் அன்று தொடங்கிப் பிரிவினை வரை ஓயவில்லை.

இக்கண்டனத்தில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. காங்கிரஸின் பெயரால் ஒரு முஸ்லிம் வாக்கைக்கூட அவர் அதுவரை கேட்டிருக்கவில்லை. லீகின் வேட்பாளர் என்று நம்பி வாக்களித்தவர்கள் தம்மை ஏமாற்றப்பட்டவர்களாகக் கருதினால் அதைத் தவறென்று யாரும் சொல்லியிருக்க முடியாது. அவரைத் தடுக்கும் சட்டமும் அன்று கிடையாது. பதவிக்காலம் முழுவதையும் அமைச்சராகவே கழித்துவிட்டிருக்கலாம். அவர் தம் சட்டமன்ற இடத்தைத் துறந்து, காங்கிரஸ் வேட்பாளராக அதே தொகுதியின் முன் மீண்டும் போய் நின்றார்.

அவ்வாண்டிலேயே நடந்த பிஜ்னோர் இடைத்தேர்தல் ஓர் ஊரின் தேர்தலாக இருக்கவில்லை. லீக் தன் மானத்தையே பணயமாக வைத்து எதிர்த்தது. இதற்கிடையில் ஜம்இய்யத்தின் தலைவர்கள் லீகிடமிருந்து விலகிக் காங்கிரஸின் பக்கம் வந்திருந்தனர். தேர்தலுக்குப் பின் லீக் நிலப்பிரபுக்களோடு நெருங்கியது அவர்களுடைய மனக்குறைகளுள் ஒன்று. பிப்ரவரியில் லீக் வேட்பாளராக நின்ற இப்ராஹீமுக்கு ஆதரவளித்த உலமா வட்டாரம் இப்போது காங்கிரஸ் வேட்பாளராக நின்ற அதே இப்ராஹீமை ஆதரித்தது. பெரும் வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார். வாக்களித்தவர்கள் மீண்டும் முஸ்லிம்கள் மட்டுமே என்பதால், வெளியார் வாக்கால் வென்றார் என்று சொல்ல யாருக்கும் இடமிருக்கவில்லை.

மாறியவர் இப்ராஹீமா, லீகா என்ற கேள்விக்கு இங்கு ஓரளவு வெளிச்சம் கிடைக்கிறது. தொகுதியும் அதே, வேட்பாளரும் அதே, ஆதரித்தோரிற் பெரும்பாலோரும் அதே. அவர்களுக்கு எதிரே நின்ற பெயர்ப்பலகை மட்டும் மாறியிருந்தது. ஒரு கூட்டணியின் பெயரால் வென்றவர், அது உடைந்த பின் அதன் எந்தத் துண்டுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்கு எந்த விதிநூலிலும் விடை இல்லை. கேட்டறிய வேண்டிய இடம் தொகுதி ஒன்றே.

ஆனாலும் ஒரு மாசு எஞ்சுகிறது. அவர் முதலில் அமைச்சராகி, அதன் பிறகே தீர்ப்புக் கேட்டார். அமைச்சராக வாக்குக் கேட்பதும், பதவி ஏதுமின்றி வாக்குக் கேட்பதும் ஒன்றல்ல. பதவியில் இருப்பவருக்குச் சாலையும் பாலமும் வாக்குறுதியாகக் கையிலிருக்கும். அதிலும் பொதுப்பணித் துறை அவரிடமே இருந்தது. 1948இல் ஆசார்ய நரேந்திர தேவும் அவருடைய சோஷலிஸ்ட் தோழர்களும் காங்கிரஸைவிட்டு வெளியேறியபோது, ஆட்சியிலிருந்த கட்சியை எதிர்த்து வெறுங்கையராகத் தம் இடங்களைத் துறந்து இடைத்தேர்தலை எதிர்கொண்டனர். பைஸாபாதில் நரேந்திர தேவ் தோற்றே போனார். அவருடைய தோல்வியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிஜ்னோர் வெற்றியின் பெருமை சற்றுக் குறையத்தான் செய்கிறது.

லீகின் தரப்பையும் அதே தராசில் நிறுத்த வேண்டும். இப்ராஹீமின் மாற்றத்தைக் கண்டித்த கலீக்குஸ்ஸமான் அதற்குச் சில ஆண்டுகள் முன்வரை காங்கிரஸ்காரராகவே லக்னோவில் அரசியல் நடத்தியவர். அதே 1937 அக்டோபரில் லக்னோவில் கூடிய லீக் மாநாட்டில் வங்கத்தின் பிரதமர் ஃபஸ்லுல் ஹக், தம் கிருஷக் பிரஜா கட்சியின் பெயரில் வென்று ஆட்சியிலிருந்த நிலையிலேயே, லீகில் இணைந்தார். எந்தத் தொகுதியிடமும் அவர் மறுதீர்ப்புக் கேட்கவில்லை. அவரை யாரும் கேட்கச் சொல்லவும் இல்லை. 1940இல் லாகூர் தீர்மானத்தை முன்மொழிந்த அதே ஹக், அடுத்த ஆண்டே லீகோடு முறித்துக்கொண்டார். தம் பக்கம் வருபவர் மனசாட்சியால் வருகிறார், விட்டுப் போகிறவர் ஆசையால் போகிறார் என்று கருதுவது எல்லாக் கட்சிகளுக்கும் பொதுவான நோய்தான்.

பிஜ்னோர் வெற்றியைக் காங்கிரஸ் தவறாகப் படித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு தொகுதியில், உலமாக்கள் வலுவாக இருந்த ஒரு வட்டாரத்தில், நன்கறியப்பட்ட ஒருவருக்குக் கிடைத்த வெற்றியை முஸ்லிம்கள் அனைவரும் காங்கிரஸை ஏற்றுக்கொண்டதன் அறிகுறியாக அதன் தலைவர்கள் எடுத்துக்கொண்டனர். அடுத்து வந்த முஸ்லிம் இடைத்தேர்தல்களில் பெரும்பாலானவற்றை லீகே வென்றது. 1946 தேர்தலில் ஐக்கிய மாகாணத்தின் முஸ்லிம் இடங்களில் மிகப் பெரும்பான்மை லீகின் கைக்குச் சென்றது. இப்ராஹீமை மட்டும் பெற்றுக்கொண்டு அவருடைய பழைய கட்சியை வெளியே நிறுத்திய 1937ஆம் ஆண்டின் கணக்குக்கு மாகாணம் தந்த விடை அது.

பிரிவினைக்குப் பின் காட்சி தலைகீழாயிற்று. கலீக்குஸ்ஸமான் கராச்சிக்குப் போனார். அவருடன் ஆஸாதிடம் பேசிய நவாப் இஸ்மாயீல் கான் இந்தியாவிலேயே தங்கி, அலிகர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் சிறிது காலம் இருந்தார். ஐக்கிய மாகாணச் சட்டமன்றத்தில் லீக் குழு கலைந்தது; பேகம் ஐஜாஸ் ரசூல் போன்ற அதன் முன்னணியினர் காங்கிரஸுக்கு வந்தனர். 1937இல் நிபந்தனையாக விதிக்கப்பட்டது, பத்தாண்டு கழித்து நிபந்தனை இல்லாமலே நடந்தேறியது. அதே வேளையில், 1948 மார்ச் 10 அன்று சென்னையில் காயிதே மில்லத் இஸ்மாயீல் சாஹிப் தலைமையில் கூடியவர்கள் லீகைக் கலைக்க மறுத்து இந்திய யூனியன் முஸ்லிம் லீகாகத் தொடர்வது என்று முடிவு செய்தனர். வெற்றி பெற்ற கட்சியில் சேர்வது எளிதாகவும் தோற்றுப்போன பெயரோடு நிற்பது கடினமாகவும் இருந்த காலம் அது. தென்னகத்து வாசகர்கள் இப்ராஹீமை எடைபோடும்போது இந்த எடுத்துக்காட்டும் மனத்தில் நிற்பது இயல்பே. ஆனால் அவர் காங்கிரஸில் சேர்ந்தபோது பிரிவினை யார் கனவிலும் இல்லை; லீகில் இருந்திருந்தால் ஆபத்து என்ற நிலையும் அன்று இல்லை.

1946இல் மீண்டும் அமைந்த பந்த் அமைச்சரவையில் இடம்பெற்ற இப்ராஹீம், அறுபதாம் ஆண்டுகள் நெருங்கும்வரை உத்தரப் பிரதேச அரசியலில் நிலைத்திருந்தார்; நிதித் துறையையும் கவனித்தார். 1958 பிப்ரவரியில் ஆஸாத் மறைந்த சில வாரங்களில் நேரு அவரை மத்திய அமைச்சரவைக்கு அழைத்து, நீர்ப்பாசனம் மற்றும் மின்சாரத் துறையைத் தந்தார். மாநிலங்களவை உறுப்பினரான அவர், 1961இல் பந்த் காலமானபின் அந்த அவையின் முன்னவரானார். 1937இல் தம்மை அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டவர் அமர்ந்திருந்த இருக்கை அது.

அவர் துறையின் காலத்தில் நிகழ்ந்தவற்றுள் தலையாயது சிந்து நதிநீர் ஒப்பந்தம். 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அய்யூப் கானும், உலக வங்கியின் சார்பில் இலிஃபும் கையெழுத்திட்டனர். ராவி, பியாஸ், சட்லஜ் ஆகிய கிழக்கு ஆறுகள் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பாகிஸ்தானுக்கு. மாற்றுக் கால்வாய்ப் பணிகளுக்காக இந்தியா 6,20,60,000 ஸ்டெர்லிங் பவுண்டுகளைப் பத்து ஆண்டுத் தவணைகளில் செலுத்த ஒப்புக்கொண்டது. அதிகமாக விட்டுக்கொடுத்துவிட்டதாக நாடாளுமன்றத்தில் பலர் சினந்தனர். லீக் வேட்பாளராக அரசியலில் உயர்ந்த ஒருவர், லீக் உருவாக்கிய நாட்டோடு ஆறுகளைப் பங்கிட்ட அரசின் துறை அமைச்சராக அந்தச் சினத்தை எதிர்கொள்ள நேர்ந்தது. அறுபத்தைந்து ஆண்டுகளாகப் போர்களையும் தாண்டி நின்ற அவ்வொப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக இந்தியா 2025 ஏப்ரலில் அறிவித்தது.

அவருடைய அரசியலின் கடைசிப் பெருந்தேர்தல் 1963 மே மாதம் அம்ரோஹாவில் நடந்தது. ஜம்இய்யத்தின் பொதுச்செயலாளரும் பிஜ்னோர் மாவட்டத்துச் சியோஹாராவைச் சேர்ந்தவருமான மௌலானா ஹிஃப்ஸுர் ரஹ்மான் முந்தைய ஆண்டில் வபாத்தானதால் காலியான மக்களவைத் தொகுதி அது. காங்கிரஸ் தலைமை, உள்ளூர்க்காரர் ஒருவரை நிறுத்தும் எண்ணத்தைக் கடைசி நேரத்தில் கைவிட்டு, முஸ்லிம் வாக்குகள் மிகுந்த தொகுதி என்பதற்காக மாநிலங்களவையிலிருந்த மத்திய அமைச்சரை இறக்கியது. அவரை எதிர்த்து நின்றவர் ஆசார்ய கிருபளானி. 1937இல் இப்ராஹீம் காங்கிரஸில் சேர்ந்தபோது அக்கட்சியின் பொதுச்செயலாளராக இருந்தவரே இந்தக் கிருபளானி! பின்னர் அதன் தலைவராகி, 1951இல் வெளியேறித் தனிக்கட்சி கண்டு, பிரஜா சோஷலிஸ்ட் கட்சி வழியாகச் சுயேச்சையாகி வந்து நின்றார். கட்சி மாறி வந்தவர் கட்சியின் வேட்பாளர்; கட்சியைக் கட்டி வளர்த்தவர் எதிர் வேட்பாளர். கிருபளானி வென்றார். ஆகஸ்ட் மாதம் நேரு அரசின் மீது இந்திய மக்களவையின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் அவரே.

பிஜ்னோரில் அவரை வெல்ல வைத்தது அம்ரோஹாவில் இல்லாமற்போனதேன்? சீனப் போரின் தோல்விக்குப் பிந்தைய கோபம் ஒரு காரணம். மற்றொன்று, 1937இல் அவர் தாமே ஒரு கணக்கை ஒப்படைக்கப் போனார்; 1963இல் சமயக் கணக்கொன்றைக் கூட்டிப்பார்த்த பிறரால் அனுப்பப்பட்டார். தனித்தொகுதிகள் 1950இன் அரசியலமைப்போடு ஒழிந்திருந்தும், வேட்பாளரைத் தேர்ந்தவர்களின் மனத்தில் அவை ஒழிந்திருக்கவில்லை.

அவ்வாண்டில் அவர் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். 1964 முதல் 1965 வரை பஞ்சாபின் ஆளுநராக இருந்தார். 1966 நவம்பரில் அந்தப் பஞ்சாபிலிருந்து பிரிந்த ஹரியானாவில், அடுத்த ஆண்டே கயா லால் எனும் சட்டமன்ற உறுப்பினர் இரண்டு வாரங்களுக்குள் மூன்று முறை கட்சி மாறி, 'ஆயா ராம், கயா ராம்' எனும் தொடரை இந்திய மொழிகளுக்கெல்லாம் வழங்கினார். கட்சி மாற்றங்களை ஆராய மக்களவை 1967 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்ற, ஒய்.பி. சவாண் தலைமையில் குழு அமைந்தது. 1968இல் இப்ராஹீம் மறைந்தார்.

அக்குழுவின் பரிந்துரைகளுள் ஒன்று அவருடைய வாழ்க்கையை அறிந்தவர்களுக்குப் பழகிய குரலாக ஒலிக்கும். கட்சி மாறியவர், ஓராண்டு கழியும்வரை அல்லது பதவி துறந்து மீண்டும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும்வரை, அமைச்சராகக் கூடாது என்பதே அது. 1985இல் வந்த பத்தாம் அட்டவணை கட்சி மாறுவோரின் உறுப்பினர் பதவியையே பறித்தது. ஆயினும் மூன்றில் ஒரு பங்கினர் ஒன்றாகப் பிரிந்தால் குற்றமில்லை என்றது. தனியாகச் செய்தால் தவறு, கூட்டமாகச் செய்தால் கொள்கை என்ற அந்த விந்தை விதியை 2003ஆம் ஆண்டின் 91ஆம் திருத்தம் நீக்கியது. தகுதியிழந்தவர் மீண்டும் வென்றுவரும்வரை அமைச்சராக முடியாது என்பதும் அத்திருத்தத்தில் சேர்ந்தது.

பிஜ்னோரின் வழி இவ்வாறு சட்டத்தில் ஏறியது. ஏறிய பின் அதன் உருவமும் மாறிப்போயிற்று. கர்நாடகத்தில் 2019இல் ஆளும் கூட்டணியின் உறுப்பினர்கள் பதினேழு பேர் தகுதி நீக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் முன்னதாகவே பதவி விலகல் கடிதம் தந்திருந்தவர்கள். அரசு கவிழ்ந்தது. உச்ச நீதிமன்றம் நவம்பரில் தகுதி நீக்கத்தை ஏற்றுக்கொண்டு, இடைத்தேர்தலில் போட்டியிட இருந்த தடையை அகற்றியது. டிசம்பரில் பதினைந்து தொகுதிகளில் தேர்தல் நடந்தது; பாரதிய ஜனதா பன்னிரண்டில் வென்றது. புதுக்கட்சியின் சின்னத்தில் வென்றுவந்தவர்களுள் பத்துப் பேர் 2020 பிப்ரவரியில் அமைச்சர்களானார்கள். துறத்தல், மறுதேர்தல், வெற்றி, அமைச்சர் பதவி என ஒவ்வொரு படியும் சட்டப்படி சரி. 1937இல் சட்டம் எதையும் கேட்காதபோது ஒருவர் தாமாகச் செய்தது, அரசொன்றை மாற்றுவதற்கான நடைமுறையாக அங்கு ஆகிவிட்டிருந்தது.